மறிச்சுக்கட்டிப் பாதையும் மாற்று எஞ்சினும்

வரலாறு என்றவுடன் அரசர்களின் பெயர்களும் போர்களின் ஆண்டுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. மணற்பாதையிலே ஓடித் தேய்ந்த ஒரு பழைய ஜீப் வண்டிக்கும், அதன் வயிற்றிலே மாற்றிப் பொருத்தப்பட்ட ஓர் எஞ்சினுக்கும் வரலாறு உண்டு என்றால் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், ஒரு நாட்டிற்குப் பாதை அடைபட்டபோதும், சந்தை அடைபட்டபோதும், எண்ணெய் அடைபட்டபோதும் மக்கள் எவ்வாறு நடமாடினர் என்ற கேள்விக்கு விடை அந்த எஞ்சினிலேதான் இருக்கின்றது. அந்த விடையைத் தேடி மன்னார்க் கரையின் தென்கோடிக்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகின்றேன்.

மன்னார் மாவட்டத்தின் தெற்கே, முசலிப் பகுதியில், வில்பத்துக் காட்டின் வட எல்லையான மோதரகமாற்றை அடுத்துள்ளது மறிச்சுக்கட்டி என்னும் ஊர். மேற்கே கடல், தெற்கே காடு, மாரியிலே பெருகி வழிமறிக்கும் ஆறு, கோடையிலே சக்கரத்தை விழுங்கும் மணல். பெயரைக் கேட்கும்போதே, யாரோ எதையோ மறித்துக் கட்டியதாக ஒரு பொருள் நம் மனத்தில் எழும். இயற்கையும் காலமும் இவ்வூரைப் பலமுறை மறித்ததுண்டு. அவ்வப்போது திறந்துவிட்டதும் உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வூரின் பெயர் இலண்டன்வரை பேசப்பட்டது. முத்துக்குளிப்பே அதற்குக் காரணம். 1905-ம் ஆண்டு குளிப்பில் மட்டும் ஏறத்தாழ 8 கோடி சிப்பிகள் கரையேற்றப்பட்டன. ஓலையாலும் கம்பாலும் ஒரு நகரமே சில கிழமைகளுக்குள் எழுந்தது. தமிழ்நாட்டுக் குளியாளரும், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபியரும், வணிகரும், வட்டிக்காரரும், காவலருமாக இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே கூடினர். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. பிற்காலத்தில் பேரெழுத்தாளராக விளங்கிய லெனாட் வுல்ஃப் 1906-ம் ஆண்டில் இளம் அரசாங்க அதிகாரியாக இங்கே பணிபுரிந்தார். அதே ஆண்டில் ஒரு கம்பனி, ஆண்டொன்றுக்கு 3,10,000 ரூபா வீதம் 20 ஆண்டுகளுக்கு முத்துப்பாரைக் குத்தகைக்கு எடுத்தது. 1907-ம் ஆண்டுக்குப் பின் பல ஆண்டுகள் சிப்பி விளையவில்லை. குத்தகைக் காலம் முடியுமுன்னரே குத்தகை முடிந்தது. ஓலை நகரம் மறைந்தது, மணல் மிஞ்சியது.

அக்காலத்தில் இந்நகரத்துக்கு வந்தவர்களிற் பெரும்பாலோர் கடல்வழியாகவே வந்தனர் என்பதை நாம் மறத்தல் ஆகாது. தரைவழி என்பது மாட்டுவண்டித் தடமும் காட்டுப்பாதையுமே. முத்து உள்ளவரை கடல் இவ்வூரை உலகத்தோடு இணைத்தது. முத்துப் போனபின் தரைவழியே தஞ்சமாயிற்று. புத்தளத்திலிருந்து எழுவன்குளம் வழியாகக் காட்டினூடே வரும் பாதையும், வடக்கே சிலாவத்துறை, அரிப்பு வழியாக மன்னாருக்குச் செல்லும் பாதையுமே இவ்வூரின் இரு கைகள். 1938-ம் ஆண்டில் வில்பத்து தேசிய வனமாக்கப்பட்டது. இந்தப் பாதைகளுக்கு ஏற்ற வாகனம் ஒன்று உலகில் அப்போது பிறக்கவில்லை. அது பிறப்பதற்கு ஒரு பெரும்போர் வேண்டியிருந்தது.

1940-ம் ஆண்டில் அமெரிக்கப் படையினர், நான்கு சக்கரமும் உந்தக்கூடிய ஓர் இலகுவான வண்டியை 49 நாட்களுள் செய்து காட்டுமாறு மோட்டார்க் கம்பனிகளைக் கேட்டனர். பென்சில்வேனியா மாநிலத்தின் பன்ரம் என்னும் சிறு கம்பனி அத்தவணைக்குள் முதல் வண்டியை ஒப்படைத்தது. பின்னர் வில்லிஸ், போர்ட் ஆகிய கம்பனிகள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்து குவித்தன. பன்ரம் வண்டியைவிட வில்லிஸ் வண்டி விரும்பப்பட்டதற்கு முதன்மையான காரணம் அதன் எஞ்சினே. பன்ரத்தின் எஞ்சின் ஏறத்தாழ 45 குதிரைவலு உடையது; வில்லிஸின் எஞ்சினோ 60 குதிரைவலு உடையது. ஜீப்பின் பிறப்பிலேயே எஞ்சின்தான் வெற்றியைத் தீர்மானித்தது என்பது நோக்கத்தக்கது.

அடுத்த அத்தியாயம் இன்னும் சுவையானது. போர் முடிந்தபின், இங்கிலாந்தின் ரோவர் கம்பனியைச் சேர்ந்த மொறிஸ் வில்க்ஸ் என்னும் பொறியியலாளர், அங்கிள்சித் தீவிலிருந்த தம் பண்ணையில் படையினர் கழித்த ஒரு ஜீப்பைப் பயன்படுத்தி வந்தார். அது தேய்ந்துபோனால் அதற்குப் பதிலாக வாங்குவதற்கு வேறு வண்டி இல்லை. ஆகவே 1947-ம் ஆண்டில் ஜீப்பின் சட்டகத்திலே ரோவர் காரின் எஞ்சினைப் பொருத்தி ஒரு பரீட்சை வண்டியைச் செய்தனர். அதுவே 1948-ம் ஆண்டு ஏப்பிரலில் அம்ஸ்ரடாம் கண்காட்சியிலே அரங்கேறிய லாண்ட்ரோவரின் முன்னோடி. உருக்குத் தட்டுப்பாடு நிலவியமையால் அதன் உடலை அலுமினியக் கலப்புத் தகட்டாலே செய்தனர். உலகம் போற்றும் அந்த வண்டியின் மூலமே ஓர் எஞ்சின் மாற்றந்தான். நம்மூர்ப் பட்டறையிலே ஒருவன் ஒரு வண்டியின் எஞ்சினை மற்றொரு வண்டியிலே ஏற்றும்போது, அவன் இழிந்த வேலை எதையும் செய்யவில்லை. வில்க்ஸ் செய்ததையே செய்கின்றான்.

இலங்கையிலே, 1944-ம் ஆண்டில் மவுண்ட்பேற்றன் பிரபு தென்கிழக்காசியப் படைத்தலைமையைக் கண்டிக்கு மாற்றியபோது, படை வாகனங்கள் இத்தீவெங்கும் ஓடின. போர் ஓய்ந்தபின் அவற்றிற் பல குடிமக்கள் கைக்கு வந்தன. பின்னர் லாண்ட்ரோவரும் வந்து அரசாங்கத் திணைக்களங்களில் இடம் பிடித்தது. காட்டோரக் கிராமங்களுக்கு நோயாளியை ஏற்றவும், நெல்லையும் கருவாட்டையும் கொண்டுசெல்லவும், அதிகாரியை அழைத்துவரவும் இவை உதவின.

ஆனால் மன்னார்க் கரை எந்த வண்டிக்கும் இரக்கம் காட்டுவதில்லை. உப்புக்காற்று உருக்கை அரிக்கின்றது. லாண்ட்ரோவரின் அலுமினிய உடல் துருப்பிடிக்காவிடினும், அதைத் தாங்கும் சட்டகம் உருக்கே. உருக்கும் அலுமினியமும் தொடும் இடத்திலே உப்பீரம் சேர்ந்தால் அரிப்பு மிகும். மணற்றூள் சக்கரக் குண்டுகளையும் தடுப்புக் கட்டைகளையும் தின்கின்றது. அருகிலே கராஜ் இல்லை. உதிரிப்பாகக் கடையும் இல்லை. ஆகவே சாரதியே மருத்துவனானான்.

அவன் கற்றுக்கொண்ட கைமருந்துகள் பல. மணலிலே புதையுமுன் சக்கரக் காற்றைக் குறைத்துவிடுதல். எண்ணெய்த் தாங்கியில் துளை விழுந்தால் சவர்க்காரத்தைப் பிசைந்து அடைத்தல். வில்லுத்தகடு முறிந்தால் காட்டுக்கம்பை வைத்துக் கயிற்றால் வரிந்து கட்டுதல். தடித்த காகித அட்டையை வெட்டி அடைதகடாக்குதல். பின் அச்சு முறிந்தால், முறிந்ததைக் கழற்றி வைத்துவிட்டு முன்சக்கர உந்துதலாலேயே வீடு வந்து சேரலாம். நான்கு சக்கர உந்துவண்டிக்கு மட்டுமே உரிய வரம் அது.

ஆற்றைக் கடப்பதும் ஒரு கலையே. பெற்றோல் எஞ்சினுக்கு மின்பொறி வேண்டும்; பொறி பகிரும் கருவி நனைந்தால் எஞ்சின் நின்றுவிடும். விசிறி சுழன்று தண்ணீரை அதன்மேல் வாரியிறைக்கும். ஆகையால் அனுபவசாலி ஆற்றங்கரையிலே இறங்கி, விசிறி வாரைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சிறிய கியரிலே ஒரே வேகத்தில் ஆற்றைக் கடந்து, அக்கரையிலே வாரை மாட்டிக்கொள்வான். இவ்வறிவு எந்தப் பாடசாலையிலும் கற்பிக்கப்படுவதன்று. ஒருமுறை நடு ஆற்றில் நின்றவனே அதைக் கற்றுக்கொள்வான்.

1960-ம் ஆண்டின் பின் புதியதோர் அடைப்பு வந்தது. அந்நியச் செலாவணி குறைந்தமையால் மோட்டார் வாகனங்களின் இறக்குமதியை அரசாங்கம் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள், 1977-ம் ஆண்டில் பொருளாதாரக் கதவு திறக்கும்வரை, ஓடுகின்ற வண்டியை ஓடிக்கொண்டே இருக்கச் செய்வதுதான் ஒரே வழி. கிடைக்காத பாகத்தைக் கடைச்சற்பட்டறையிலே கடைந்தெடுத்தனர். தேய்ந்த தண்டின்மேல் உலோகத்தை உருக்கி ஏற்றி மீண்டும் அளவுக்குக் கடைந்தனர். சில்லு ஒரு வண்டியினது, கியர்ப்பெட்டி மற்றொன்றினது, மின்கலம் வேறொன்றினது என்று ஒரே வாகனத்துள் பல வாகனங்கள் குடிபுகுந்தன.

இந்நிலையில் 1973-ம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி வந்தது. பீப்பாய் ஒன்று ஏறத்தாழ 3 டொலர் விற்ற மசகெண்ணெய், சில மாதங்களுக்குள் 12 டொலரை எட்டியது. பெற்றோல் ஜீப்பை வைத்திருப்பது யானையை வளர்ப்பதுபோலாயிற்று. ஏழைநாடுகளெங்கும் ஒரே எண்ணம் எழுந்தது: பெற்றோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றினால் என்ன? இந்தியாவில் ஜீப்பைச் செய்துவந்த மகிந்திரா கம்பனியே தன் உழவு இயந்திரத்தின் டீசல் எஞ்சினை ஜீப்பிலே பொருத்தியது. யப்பானில் உரிமம்பெற்று ஜீப் செய்த மிற்சுபிசி கம்பனி அதற்கு முன்னரே டீசல் ஜீப்பைச் செய்திருந்தது. கம்பனிகள் தொழிற்சாலையில் செய்ததை நம் கைவினைஞர் மாமர நிழலில் செய்தனர்.

நேயர்களே, எஞ்சினை மாற்றுவது தொப்பியை மாற்றுவதுபோல் எளிதன்று. அதன் நுட்பத்தைச் சற்றே விளக்குகின்றேன். புதிய எஞ்சினின் பின்முகத்துத் துளைகளும் பழைய கியர்ப்பெட்டியின் முன்முகத்துத் துளைகளும் ஒன்றோடொன்று பொருந்தமாட்டா. ஆகவே இரண்டுக்கும் இடையிலே ஒரு தடித்த உருக்குத் தகட்டைச் செய்து பொருத்த வேண்டும். அத்தகட்டின் நடுவம் மயிரளவு விலகினாலும், எஞ்சினின் சுழற்தண்டும் கியர்ப்பெட்டியின் தண்டும் ஒரே நேர்கோட்டில் நில்லா; சில மாதங்களுள் கிளச்சும் குண்டுகளும் அழியும். நல்ல தொழிலாளிக்கும் பொல்லாத தொழிலாளிக்கும் உள்ள வேறுபாடு அத்தகட்டிலே தெரிந்துவிடும்.

அடுத்தது பாரம். டீசல் எஞ்சின் உள்ளே எழும் பேரழுத்தத்தைத் தாங்க வேண்டியிருத்தலால் தடித்த வார்ப்பிரும்பால் ஆனது. அதை முன்புறத்தில் ஏற்றினால் முன்வில்லுகள் தாழும், மேலும் ஒரு வில்லுத்தகடு சேர்க்க வேண்டும், சுக்கான் கனக்கும், பழைய தடுப்பு இந்தப் பாரத்துக்குப் போதாது. மூன்றாவது சுழற்சி. பழைய டீசல் எஞ்சின் பெற்றோல் எஞ்சினைப்போல் விரைந்து சுழலாது. ஆகையால் இழுவை மிகும், வேகம் குறையும். மறிச்சுக்கட்டி மணலுக்கு இழுவையே வேண்டும். வேகத்தினால் அங்கே பயனில்லை. மின்னோட்டமும் மாற வேண்டும்: போர்க்கால ஜீப்பின் மின்கலம் 6 வோல்ற்று, டீசலின் அழுத்தத்தை எதிர்த்துச் சுழற்றித் தொடக்க அது போதாது.

டீசலுக்கு மின்பொறி வேண்டாமாகையால், ஆற்றைக் கடக்கையில் நனைந்து நின்றுவிடும் அச்சம் நீங்கிற்று. ஆனால் ஒரு புதிய ஆபத்து வந்தது. காற்றை உறிஞ்சும் குழாயின் வழியே தண்ணீர் உட்புகுந்தால், காற்றைப்போல் தண்ணீர் அமுங்காது. உந்துதண்டு வளைந்து எஞ்சினே பாழாகும். ஒரு குறையைத் தீர்க்கும்போது மற்றொன்று தலைகாட்டும் என்பதை இத்தொழில் நாள்தோறும் கற்பித்தது.

1977-ம் ஆண்டின் பின் கதவு திறந்தது. யப்பானிலே கடுமையான வாகனப் பரிசோதனை விதிகளால் விரைவிலே கழிக்கப்படும் வண்டிகளின் எஞ்சின்கள் கப்பலேறி வந்தன. கொழும்பு மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தை அவற்றின் பெருஞ்சந்தையாயிற்று. டொயோட்டா, நிசான், இசுசு எஞ்சின்கள் பிரித்தானிய வண்டிகளின் உள்ளே அமர்ந்தன. வெளியே ஆங்கிலேயன், உள்ளே யப்பானியன், ஓட்டுபவன் இலங்கையன் என்று வேடிக்கையாகச் சொல்லத்தக்க வண்டிகள் காட்டுப்பாதைகளிலே உலாவின.

அடுத்து வந்த அடைப்பு இவை யாவற்றினும் கொடியது. 1990-ம் ஆண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டபின், வடக்கிலே புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்குப் பெற்றோல், டீசல், மின்கலங்கள், உதிரிப்பாகங்கள் ஆகியன செல்வது தடைசெய்யப்பட்டது. யாழ்ப்பாணத்திலே மக்கள் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயால் ஓட்டினர். சிறு போத்தலில் வைத்திருந்த சில துளி பெற்றோலைக் காபரேற்றரினுள் விட்டு எஞ்சினைத் தொடக்குவர். சூடேறியதும் அது மண்ணெண்ணெயில் ஓடும். புகை கண்ணை எரிக்கும், எஞ்சின் தட்டும், எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி மசகு எண்ணெயோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும். ஆனாலும் வண்டி ஓடிற்று. பிரசவ வேதனையிலிருந்த பெண்ணை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய இரவிலே, புகையைப்பற்றி யார் கவலைப்பட்டனர்?

இது எப்படி இயன்றது? பழைய எஞ்சின்களில் அமுக்க விகிதம் குறைவு. போர்க்கால ஜீப்பின் எஞ்சினில் அது ஏறத்தாழ 6½க்கு 1. புதிய கார்களிலோ 9க்கு 1, 10க்கு 1 என உயர்ந்தது. அமுக்கம் மிகுந்தால் மண்ணெண்ணெய் உரிய நேரத்துக்கு முன்னரே வெடித்து எஞ்சினை உடைக்கும். ஆகவே புதிய கார்கள் கொட்டிலிலே படுத்தன. பாட்டனார் காலத்துக் கார்கள் எழுந்து ஓடின. இந்த வழியும் முற்றிலும் புதியதன்று. 1917-ம் ஆண்டிலே வந்த போட்சன் உழவு இயந்திரமும், பிற்கால பேர்கூசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகையும் பெற்றோலிலே தொடங்கி மண்ணெண்ணெய் வகையிலே ஓடுமாறு செய்யப்பட்டவையே. மறந்துபோன ஒரு பொறியியல் நுட்பத்தை இடுக்கண் நம்மவர்க்கு மீட்டுத் தந்தது.

அதே 1990-ம் ஆண்டின் ஒக்டோபரில், வட மாகாணத்து முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றினர். எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் தம் ஊர்களை இழந்தனர். மறிச்சுக்கட்டி உள்ளிட்ட முசலிப் பகுதி மக்களும் அவர்களுள் அடங்குவர். பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்திலே ஓலைக் கொட்டில்களில் வாழ்ந்தனர். மண்ணெண்ணெயால் வண்டியோட்டிய சாமர்த்தியத்தை நாம் பெருமையோடு நினைக்கும்போது, வண்டியையும் வீட்டையும் ஊரையும் ஒருங்கே இழந்து சென்ற அயலவரையும் நினைத்தல் நம் கடன். ஒரு சாராரின் துன்பத்தை மட்டும் எழுதும் வரலாறு அரை வரலாறே. பட்டறையும் இயந்திரமும் கையிலே எடுத்துச் செல்லக்கூடியவை அல்ல. தொழிலாளியோடு சென்றது கைத்திறன் ஒன்றே.

2009-ம் ஆண்டிலே போர் முடிந்தபின் மக்கள் படிப்படியாகத் திரும்பினர். இருபது ஆண்டுக் காடு வளவுகளை மூடியிருந்தது. கை உழவு இயந்திரங்களும், பழைய வண்டிகளும் மீண்டும் அப்பாதைகளில் ஒலித்தன. வில்பத்து ஊடான பாதை 2010-ம் ஆண்டில் திறக்கப்பட்டபோது, ஒருபுறம் ஊர்மக்களின் போக்குவரத்துத் தேவையும், மறுபுறம் வனவிலங்குகளின் பாதுகாப்பும் எதிரெதிர் நின்றன, வழக்கும் எழுந்தது. இரு தரப்பு நியாயமும் எளிதிலே தள்ளக்கூடியவை அல்ல.

பத்தாண்டு கழியுமுன் பழைய கதை திரும்பிற்று. 2020-ம் ஆண்டிலே வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022-ம் ஆண்டிலே எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அறுபதுகளிலே தந்தையர் செய்ததைப் பிள்ளைகள் மறுபடியும் செய்தனர். இறக்குமதிக் கதவு 2025-ம் ஆண்டிலே படிப்படியாகத் திறந்தது. ஆயினும், அடைபடும் காலம் இனி வாராது என்று துணிந்து கூற வல்லார் யார்?

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். எஞ்சினுக்கு ஓர் இலக்கம் உண்டு. அது வாகனப் பதிவுப் புத்தகத்திலும் உண்டு. எஞ்சினை மாற்றியவர் அதை மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். இது வெறும் தாள்வேலை அன்று. வலிய எஞ்சினைப் பொருத்திவிட்டுப் பழைய தடுப்பை அப்படியே விட்ட வண்டி, தன் உரிமையாளரை மட்டுமன்றி வீதியிலே போகும் குழந்தையையும் கொல்லும். ஓடச் செய்வது பாதித் திறமை. வேண்டியபோது நிற்கச் செய்வது மீதித் திறமை.

முத்துக்குளிப்பைப்பற்றி ஹேர்ட்மன் என்னும் அறிஞர் எழுதிய அறிக்கைகள் ஐந்து பெருந்தொகுதிகளாக இருக்கின்றன. சிப்பியினுள்ளே வாழும் புழுவைப்பற்றியும் அவற்றிலே படிக்கலாம். ஆனால் இந்த மணலிலே அறுபது எழுபது ஆண்டுகள் வண்டிகளை உயிரோடு வைத்திருந்த கைகளைப்பற்றி ஒரு சிறு நூலேனும் நம்மிடம் இல்லை. அத்தகட்டை எவ்வளவு தடிப்பில் வெட்டினர்? எந்த வண்டியின் தண்டு எந்த வண்டிக்குப் பொருந்திற்று? மண்ணெண்ணெய்க்கு எந்த அளவில் காபரேற்றரைத் திருப்பினர்? இவற்றை அறிந்தவர்கள் இன்று முதியவர்கள். அவர்களுடைய நினைவே இத்தொழிலின் ஏட்டுச்சுவடி.

உங்கள் ஊரிலும் அத்தகைய ஒருவர் இருப்பார். எண்ணெய்க் கறை படிந்த கையோடு, ஒரு பழைய கொட்டிலின் முன்னே அமர்ந்திருப்பார். அடுத்த முறை அவ்வழியே செல்லும்போது ஒரு குறிப்புப் புத்தகத்தை உடன் எடுத்துச் செல்லுங்கள். அவர் அருகே அமர்ந்து, முதன்முதல் எந்த வண்டிக்கு எந்த எஞ்சினை மாற்றினீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.